பதில் தராத மோடம்

ரௌமா
பிப்ரவரி 8, 1999

ஓஸ்மோ,

நலமா? ஓலுவில் பனி இடுப்பளவு கொட்டியிருக்கும். இங்கே கடல் உறைந்துவிட்டது, நாலு நாளாக வெளியே தலை நீட்ட முடியவில்லை. அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன் என்று வைத்துக்கொள்.

நீ விட்டுவிட்டுப் போன கணினியின் வன்வட்டு ஜனவரியில் செத்துப்போனது. புதிது வாங்கி நானே மாட்டினேன். பழையபடி விண்டோஸை ஏற்றவில்லை, பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் வட்டைப் போட்டேன். ஆமாம், நீ அலுவலகத்தில் ஓட்டுகிறாயே, "உனக்கு அதெல்லாம் சரிப்படாது" என்றாயே, அதேதான். திரையில் படம் வரவழைக்கவே இரண்டு நாள் ஆனது. அதிர்வெண்ணைத் தப்பாகக் கொடுத்தால் திரைப்பெட்டியே கெட்டுப்போகலாம் என்று கையேட்டில் போட்டிருந்தது. பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, எண்களைக் கொடுத்தேன். சாம்பல் நிறத் திரை எழும்பி நடுவில் சுட்டியின் குறி வந்து நின்றபோது தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

இப்போது இணையத்துக்குப் போகலாம் என்றால் மோடம் மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. நீ வாங்கி உள்ளே சொருகிய அட்டைதானே, அதை எப்படிப் பேச வைப்பது என்று எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே. நீ ஆரம்பித்தால் எனக்கு உம் கொட்டத்தான் நேரம் இருக்கும்.

இன்னொன்று. நவம்பரில் நான் கொடுத்த விவாகரத்து மனுவுக்கு ஆறு மாத யோசனைக் காலம் மே பதினாறோடு முடிகிறது. விவாகரத்தை உறுதி செய்யும் இரண்டாவது மனுவைக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதையும் மோடத்தையும் முடிச்சுப் போடாதே.

ஹெல்லெவி


ஓலு
பிப்ரவரி 11

அன்பு ஹெல்லெவி,

உன் கடிதத்தை அலுவலகத்தில் இரண்டு தடவை படித்தேன். நீயா லினக்ஸ் போட்டாய்? நம்ப முடியவில்லை.

எதையும் இனிமேல் தொடாதே. அடுத்த வெள்ளிக்கிழமை ரயில் ஏறி வருகிறேன், அரை மணி நேர வேலை. வர வேண்டாம் என்றால், இத்தோடு வைத்திருக்கும் தாளில் ஏழு கட்டளைகள் இருக்கின்றன, வரிசையாகத் தட்டு. சாய்கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத் தட்டு, புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் சறுக்குவார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் உண்டு. எங்கோ தப்பாகத்தான் தட்டியிருப்பாய்.

வீடு எப்படி இருக்கிறது? இங்கே என் அறை ஜன்னலிலிருந்து வண்டி நிறுத்துமிடம்தான் தெரிகிறது. மே மாதத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை, கவனித்தாயா?

உன் ஓஸ்மோ


ரௌமா
பிப்ரவரி 16

ஓஸ்மோ,

கவனித்தேன். எழுதவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை வராதே. ஏழு கட்டளைகளையும் பதினோரு தடவை தட்டினேன். தட்டியதை அப்படியே ஒரு பக்கம், திரை சொன்னதை அப்படியே எதிர்ப்பக்கம் எழுதி அனுப்புகிறேன். என் அபிப்பிராயம் ஒன்றுகூட அதில் இல்லை. கையேட்டின் முதல் பக்கத்திலேயே அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்: உதவி கேட்கும்போது நீ நினைத்ததைச் சொல்லாதே, திரையில் கண்டதைச் சொல். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பதினோரு தடவையும் ஒரே பதில்தான், கருவி பதில் தரவில்லை என்று. சாய்கோடுகளை எண்ணிப் பார்த்துக்கொள்.

ஏன் உன்னை வர விடவில்லை என்று உனக்குக் கோபம் வரும். சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் நான் ஒரு கேள்வி கேட்டால், "தள்ளு, நான் பாக்குறேன்" என்று என்னை எழுப்பிவிட்டு நீ உட்காருவாய். பத்து நிமிடத்தில் சரி செய்துவிட்டுக் காபி குடிக்கப் போவாய். என் கேள்வி என்னிடமே இருக்கும். கணினி மட்டுமில்லை, வங்கிக் காகிதம், நீராவிக்குளியல் அறையின் அடுப்பு, என் அம்மாவுக்கு எந்த மருத்துவமனை என்பதுவரை எல்லாமே அப்படித்தான் நடந்தது. கெட்ட எண்ணத்தில் செய்தாய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினோரு வருடம் என் நாற்காலியில் நான் உட்காரவில்லை.

இந்த லினக்ஸ் என்னை எழுப்பிவிடுவதில்லை. தப்பு செய்தால் எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று சொல்கிறது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அதை எழுதியவர் பெயரும் முகவரியும் இருக்கிறது. எங்கெங்கோ இருக்கிற மனுஷர்கள், முகம் தெரியாத எனக்காக உட்கார்ந்து விளக்கம் எழுதியிருக்கிறார்கள். சில வரிகளில் எனக்குக் கண் கலங்கியது. சிரிக்காதே.

ஹெல்லெவி


ஓலு
பிப்ரவரி 24

அன்பு ஹெல்லெவி,

சிரிக்கவில்லை. நாற்காலி விஷயம் என்னைக் குத்தியது. அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை, மோடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நீ எழுதி அனுப்பியதைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியாக இருந்தால் அட்டை பேசியிருக்க வேண்டும். எனவே எங்கேயோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கீழே நாலு மாற்றங்கள் எழுதியிருக்கிறேன், நாலையும் ஒரேயடியாகச் செய்துவிட்டுக் கணினியை மறுபடி கிளப்பு. எதற்கும் பழைய வரிகளை இன்னொரு தரம் சரிபார்.

திரை வேலையை நீ இரண்டு நாளில் முடித்தாயே, எனக்கு முதல் தடவை மூன்று வார இறுதிகள் ஆயின. இதை உன்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

உன் ஓஸ்மோ


ரௌமா
மார்ச் 23

ஓஸ்மோ,

மோடம் பேசுகிறது! உன் நாலு மாற்றங்களால் இல்லை.

நாலையும் ஒரேயடியாகச் செய் என்று எழுதினாயே, அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாகப் பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவள் நான். ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி என்றால், இரண்டை அடக்கிவிட்டு ஒன்றை மட்டும் கேட்போம். மூன்றையும் சேர்த்து முறுக்கினால் எது தப்பு என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதனால் ஒரு மாற்றம் செய்வேன், பார்ப்பேன், குறிப்பேன், திரும்பப் பழையபடி ஆக்குவேன். நாலும் வீண். நான் தட்டுவதில் தப்பில்லை, நீ சொல்வதிலும் தப்பில்லை என்றால் மிச்சம் இருப்பது அட்டைதானே? பெட்டியைத் திறந்து அதைக் கழற்றினேன். சில்லின் மேல் இருந்த எண்ணை எழுதிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை பிற்பகல்களில் அங்கே லினக்ஸ்காரர்கள் கூடுகிறார்கள். குழாய் வேலை செய்யும் வெய்க்கோ அட்டையைக் கையில் வாங்கினதுமே சிரித்துவிட்டார்.

"இத யாருங்க உங்க தலைல கட்டுனது?"

"வீட்டுக்காரர்."

"அவருக்கு கம்ப்யூட்டர் தெரியுமா?"

"அதுதாங்க அவருக்கு வேலையே."

"நல்லா வேலை பாத்தாரு போங்க! இது பாதி மோடம்தான். மீதிப் பாதி வேலைய விண்டோஸ்ல ஓடுற மென்பொருள் செய்யும். லினக்ஸ்ல அதுக்கு ஆளே கெடையாது. நீங்க தலகீழா நின்னாலும் இது பேசாது. எத்தன வாரமா இதோட மல்லுக்கட்டுனீங்க?"

"ஆறு வாரம்."

"அப்ப உங்கள அடிச்சுக்க ஆளில்ல."

தன்னிடம் சும்மா கிடந்த வெளி மோடத்தைக் கொடுத்தார். பதிலுக்கு அவர் மனைவியின் பியானோவைச் சரி செய்து கொடுத்தேன். மோடத்தைக் கணினியின் பின்பக்கம் செருகி ஒரே ஒரு வரியை மாற்றினேன். அது கீச்சென்று கத்தியது பார், எந்தக் கச்சேரியிலும் எனக்கு அப்படி ஓர் ஆனந்தம் வந்ததில்லை. அப்புறம் அவர்கள் வழக்கப்படி, அடுத்து வருகிறவர் ஆறு வாரம் அலையக்கூடாது என்று, என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து எழுதி அவர்களுடைய மின்மடல் குழுவுக்கு அனுப்பினேன்.

உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறது. அட்டையைச் சந்தேகிக்க உனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு கடிதத்திலும் என் விரல்களைத்தான் சந்தேகித்தாய்.

ஹெல்லெவி


ஓலு
ஏப்ரல் 6

அன்பு ஹெல்லெவி,

உன் கடிதம் ஈஸ்டருக்கு முன்பே வந்துவிட்டது. விடுமுறை முழுக்க பதில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

இன்று காலை பக்கத்து மேசை தனேலி ஒரு தாளை நீட்டினான். "இதப் படிங்க ஓஸ்மோ. மோடம் பத்தி இவ்ளோ தெளிவா எவனும் எழுதுனதில்ல. எந்தக் கம்பெனில இருக்காங்களோ தெரியல, நம்ம ஆளுங்களுக்கு இவங்கள வெச்சு வகுப்பு எடுக்கச் சொல்லணும்." உன் குறிப்புதான் அது. கீழே பதினேழு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள், போர்ச்சுகலிலிருந்து ஒருவர், அதே அட்டையோடு நாலு மாதமாக அழுதுகொண்டிருந்தவர்.

"இவங்க பியானோ சுருதி கூட்டுறவங்க" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் மனைவி."

அவனிடம் பெருமையாகத்தான் சொன்னேன், ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அந்த நிமிடமே தோன்றியது. உன் குறிப்பில் "அனுபவமுள்ள ஒருவர் அட்டை நன்றாக இருப்பதாகவே வைத்துக்கொண்டார்" என்று ஒரு வரி இருக்கிறது. என் பெயரை நீ போடவில்லை. நன்றி.

நீ சொன்னது உண்மை. அட்டையை வாங்கியவன் நான், அதன் டப்பாவில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் படிக்காதவனும் நான். ஒரு தப்பு இருந்தால் அது உன் பக்கத்தில்தான் இருக்கும் என்று பதினோரு வருடமும் நினைத்திருக்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஹெல்லெவி. உன்னைப் பார்த்து நான் வியந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

மே மாதம் என்ன செய்யப் போகிறாய்? நான் என்ன நினைக்கிறேன் என்று எழுதப் போவதில்லை. கேட்டுவிட்டேன், காத்திருக்கிறேன்.

ஓஸ்மோ


ரௌமா
மே 18, 1999

அன்பு ஓஸ்மோ,

இதை லினக்ஸிலேயே தட்டி அச்செடுத்தேன். அச்சுப்பொறி மூன்று நாள் முரண்டு பிடித்தது, அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன்.

உன் ஏப்ரல் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் போடவில்லை. ஒரு தடவைகூட நீ கூப்பிடவில்லை, வந்து நிற்கவில்லை, இரண்டாவது கடிதம் எழுதி அவசரப்படுத்தவில்லை. தினமும் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, இந்த மனுஷனால் எத்தனை நாள் சும்மா இருக்க முடியும் என்று எண்ணினேன். நாற்பத்திரண்டு நாள்! உன்னைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள்.

நேற்று முதல் இரண்டாவது மனுவைக் கொடுக்கலாம். படிவத்தை மேசையில் விரித்து வைத்துப் பேனாவையும் எடுத்தேன். எழுதத் தோன்றவில்லை. நவம்பருக்குள் நாம் இருவரும் ஒன்றும் கேட்காவிட்டால் மனு தானாகவே செல்லாமல் போய்விடும் என்று நீதிமன்றத் தாளில் போட்டிருக்கிறது. அதுவரைக்கும் ஒவ்வொரு மாற்றமாகச் செய்து பார்ப்போம்.

முதல் மாற்றம் இது. வெள்ளிக்கிழமை ரயில் ஏறி வா. கணினியில் உன் பெயருக்கு ஒரு கணக்குத் திறந்திருக்கிறேன், கடவுச்சொல் இந்த உறைக்குள் ஒரு சீட்டில் இருக்கிறது. சாதாரணப் பயனர் கணக்குதான். உன் கோப்புகளை நீ வைத்துக்கொள்ளலாம், நான் எட்டிப் பார்க்க மாட்டேன். அமைப்பில் எதை மாற்ற வேண்டுமானாலும் நிர்வாகியின் அனுமதி வேண்டும். நிர்வாகி நான்.

கேட்டுப் பார். அநேகமாகச் சரி என்றுதான் சொல்வேன்.

உன் ஹெல்லெவி