நீ கிள்ளாத நுனிகள்

அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. விடிந்தால் வேலைக்குப் பெரட்டில் நின்று பேர் கொடுக்கப் போகணும், லைட்டை அணைடீ என்று நீ திட்டும் நேரம் இது. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவளை ஏணையில் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்தால், கையில் லவெண்டர் வாசனை. சவுக்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் செடியை இன்று காலை கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பழைய துரைசாணி தன் ஊருக்கே திரும்பிப் போனபோது எஸ்டேட் பங்களாத் தோட்டத்தைக் கொத்திப் போட்டார்கள். குப்பையில் கிடந்த ஒரு லவெண்டர் கிளையைத் தலைத்துண்டில் முடிந்து கொண்டுவந்தாய். இந்தத் தேயிலை மலையில் மழை ஓயாது. அதற்கோ காலடி ஈரமானால் ஆகாது. நம் லயத்து வீட்டு வாசலில் நட்டு, மற்ற செடிகளுக்கு ஊற்றுவதுபோல் ஊற்றியதில் அடித்தண்டு கறுத்துப் போனது. மிஞ்சிய ஒரு குச்சியை ஒடித்து, ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னில் மணலும் சல்லியும் நிரப்பி ஊன்றி, தகரக் கூரைக்கு அடியில் வெயில் மட்டும் படும்படி வைத்தாய். "தண்ணி கேக்காத பொண்ணு" என்று அதற்குப் பேர்.

பிழைத்தது. ஆனால் பூக்கவில்லை. ஈப்போ காலேஜிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன். உருண்டையாகப் புதர் கட்டி நிற்கும், ஒரு பூ கிடையாது. ஒரு நாள்தான் காரணத்தைப் பிடித்தேன். மலையிலிருந்து வந்த நீ கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை. வாய் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது. கை டின்னில் நுனி கிள்ளிக்கொண்டிருந்தது.

"அக்கா! அதுல போயி கொழுந்து எடுக்குறியா? அப்புறம் எப்படிப் பூக்கும்?"

நீ கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "அட, பாருடீ இந்தக் கைய! நான் எங்க கிள்ளுனேன், அதுவா போகுதுலா."

"கங்காணிகிட்ட நிறுத்துக் குடுத்துடு."

"போடீ காலேஜு. பூத்தா என்ன, சோறா போடப் போகுது?"

தேயிலை பூத்தால் கொழுந்து போச்சு என்றே வளர்ந்தவர்கள் நாம். சின்ன வயதிலிருந்து நுனியைக் கண்டால் கிள்ளிய கைக்கு, எது தேயிலை, எது லவெண்டர்? மறுநாளும் கிள்ளினாய்.

நீ தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரும் டின் பக்கம் போகவில்லை. உன் காரியம் முடிந்து, லயத்து வீட்டைக் காலி செய்ய வந்த அன்று பார்த்தேன். நுனிக்கு நுனி ஊதாக் கதிர். தேனீ மொய்த்துக் கிடந்தது. எல்லோரும் அழகு, அழகு என்றார்கள். நீ இல்லை என்று அந்தப் பூ சொன்ன மாதிரி வேறு யாரும் சொல்லவில்லை.

டின்னை என் புகுந்த வீட்டு வாசலுக்குத் தூக்கிவந்தேன். துணி காயப்போடும்போது அதன் பக்கத்தில் நின்று உன்னிடம் பேசுவேன். பாப்பா வயிற்றில் இருப்பதை என் வீட்டுக்காரரிடம் சொல்லும் முன்பே அங்கேதான் சொன்னேன்.

போன மாதம் பாப்பா தவழ்ந்து போய், தேனீ உட்கார்ந்திருந்த ஒரு கதிரைப் பிடித்துவிட்டாள். முன்பு ஒரு தடவை தேனீ கொட்டியபோது சுண்ணாம்பு தடவினோம், சரியாயிற்று. இந்தத் தடவை கை வீங்கி, இமை வீங்கி, மூச்சு இழுத்தது. ஊசி போட்ட டாக்டர், இன்னொரு முறை கொட்டினால் இதைவிட மோசமாகலாம் என்றார்.

பூவை எல்லாம் கிள்ளிவிடுகிறேன், செடி இருக்கட்டும் என்று மாமியாரிடம் கெஞ்சினேன். தினமும் கிள்ளவும் கிள்ளினேன். ஆனால் என் கை உன் கை இல்லை, அக்கா. எங்கேயாவது இலைக்குள் ஒன்றை விட்டுவிடுவேன். நேற்று அந்த ஒரு கதிரைத் தேடி ஒரு தேனீ வந்தது.

"செடியா, பிள்ளையா? நீயே சொல்லும்மா," என்றார் அத்தை. அதட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டம் போடும் ராயப்பன் அண்ணன் இன்று லோரியில் வந்தார். "குடு தங்கச்சி. நம்ம பூசணி பூத்துப் பூத்து உதிருது. தேனீ வந்தா காய் பிடிக்கும்லா."

"தண்ணி ஊத்தாதீங்கண்ணே. மழையில வைக்காதீங்க. உரமும் வேணாம்."

"தண்ணியும் வேணாம், உரமும் வேணாம்னா, இது செடியா சாமியாரா? ரெண்டு கை கோழி எரு போடுறேன், ஜம்முனு வரும் பாரு!"

நானே தூக்கி லோரியில் வைத்தேன். ஒரு குச்சியாவது ஒடித்து வைத்துக்கொள்ளலாம் என்று கை போனது. அதுவும் ஒரு நாள் பூக்குமே என்று விட்டுவிட்டேன். அங்கே திறந்தவெளி. மழை மாதம் தொடங்கிவிட்டது. அந்தச் செடி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

எழுந்து எழுந்து போய்ப் பாப்பாவின் மூச்சைப் பார்க்கிறேன். சீராகத்தான் இருக்கிறது. நான் செய்தது சரி என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நீ மட்டும் சொல்லவில்லை. நாளைக்குத் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால், எந்தப் பக்கம் திரும்பி உன்னிடம் பேசுவது?

சீக்கிரம் பதில் போடு, அக்கா.

உன் தங்கச்சி