ஏழுமலைக்குப் போட்ட மாலை

புரட்டாசி 2, வெள்ளி

காலையிலிருந்து தூறல். விறகு ஈரம், வீடெல்லாம் புகை. பேத்தி கௌரியின் பழைய நோட்டில் மீந்த பக்கங்கள். ஆயா நீ எழுதிக்கோ என்றாள். அஞ்சாவதோடு நின்ற கைதான், ஆனாலும் எழுத்து கோணவில்லை. இந்தத் தெருவில் என் வயசுக்காரிகளில் கையெழுத்துப் போடுகிறவள் நான் ஒருத்தி.

மகன் ஏழுமலை ஜெயிலிலிருந்து வந்து இருபது நாள். அரிசி மில்லில் கேட்டான். உரக்கடையில் கேட்டான். இல்லை. குந்தின இடத்திலேயே இருக்கிறான்.

நேற்று மலையிலிருந்து ஓர் ஆள் வந்தான். "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு ஒரு நடை வந்துட்டுப் போப்பா" என்றான். ஏழுமலை வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சி ஆபீசில் போட்ட மனுதான் நம்பிக்கை. தண்டனை முடிந்து வந்தவர்களுக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆறு மாதம். மாதம் உதவிப்பணம், முடிவில் சாமான் பெட்டி. இங்கே கிணற்றுக்குக் கிணறு கரண்ட் மோட்டார். புகைந்துபோனால் சேலத்துக்குத் தூக்குகிறார்கள். அந்த வேலை கைக்கு வந்தால் மலைப் பக்கம் தலைவைக்க மாட்டான்.

கௌரிக்கு ரிப்பன். மண்ணெண்ணெய். மறக்கக் கூடாது.

புரட்டாசி 4, ஞாயிறு

மழை இல்லை. இடுப்பு வலி.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். கல்வராயன் மலையில் காய்ச்சின சாராயம். லாரி டியூபில் ஊற்றித் தோளில் போட்டு இறங்கின ஏழுமலையை அடிவாரத்தில் பிடித்தார்கள். ஒன்றரை வருடம் கடலூர் ஜெயில். தெருவில் பெங்களூரில் கட்டட வேலை என்று சொல்லி வைத்தேன்.

போன மாதம் இடஒதுக்கீடு கேட்டு ரோடு மறியல். நம் ஆட்களை லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். எதிர் வீட்டுப் பச்சையம்மாள் மகன் குமார் வேலூர் ஜெயிலில் பத்து நாள் இருந்தான். அவன் திரும்பின அதே பஸ்ஸில் ஏழுமலையும் இறங்கினான். தலை ஒட்ட வெட்டி, கன்னம் ஒட்டி. இவனும் மறியலுக்கு வந்து மாட்டினவன் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். குமாருக்கு ஒரு மாலைதான் வாங்கியிருந்தது. பச்சையம்மாள் ஓடிப்போய் அம்மனுக்கு வைத்திருந்த மாலையை எடுத்து வந்து இவன் கழுத்தில் போட்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அன்றைக்குத்தான் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

புரட்டாசி 6, செவ்வாய்

ஆபீசர் விசாரிக்க வந்தார். வீடு மெழுகியாயிற்று. நாற்காலி பச்சையம்மாள் வீட்டுது. காப்பித்தூள் கடையில் கடன். நல்ல புடவை கட்டினேன்.

நாற்காலி கொண்டுவந்தவள் போகவில்லை. குமாரும் வாசலில். பின்னால் தெரு.

மகன் எந்தக் கேஸில் போனான் என்று ஆபீசர் கேட்டார். மறியல் கேஸுங்க என்று சொல்லிவிட்டேன். விடுதலைச் சீட்டு எங்கே என்றார். டிரங்குப் பெட்டியில், நான் உட்கார்ந்திருந்த பாய்க்குப் பின்னாலேயே இருந்தது. குமார் படிக்கத் தெரிந்தவன். தொலைந்துவிட்டது என்றேன்.

"இது தண்டனைக் கைதிங்களுக்குத்தாம்மா. மறியல்ல போனவங்களுக்குக் கிடையாது." எழுதிக்கொண்டார். காப்பி குடித்தார். போனார்.

ஏழுமலை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எனக்காகத்தான்.

கரும்பு வெட்டிவிட்டு வந்த மருமகள் செல்வியிடம் சொன்னேன். கொடுவாளைச் சுவரில் சாய்த்தாள். "மாலை அன்னிக்கே காஞ்சி போச்சி அத்தை. நீங்கதான் இன்னும் கழட்டாம கீறீங்க."



புரட்டாசி 9, வெள்ளி

பஸ் இல்லை. மறுபடி மறியல். விடுதலைச் சீட்டை மடியில் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு நடந்தேன். ரோட்டில் மூன்று இடத்தில் புளியமரம் வெட்டிப் போட்டிருந்தது. இரண்டைச் சுற்றிப் போனேன். மூன்றாவது மரம் இந்த வாய்க்காலிலிருந்து அந்த வாய்க்கால் வரை கிடந்தது. குந்தி, காலைத் தூக்கிப் போட்டு, அந்தப் பக்கம் இறங்கினேன். முழங்கால் சிராய்ப்பு.

ஆபீசர் சீட்டைப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புது மனு வேண்டுமாம். என்ன குற்றம், எத்தனை நாள் தண்டனை, எல்லாம் எழுதி, அதே தெருக்காரர் ஒருவர் சாட்சிக்குக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். திங்கள் சாயங்காலத்துக்குள். அதற்கு மேல் ஆள் எடுக்க மாட்டார்கள்.

வரும்போது கட்டை வண்டி கிடைத்தது பாதி தூரம்.

புரட்டாசி 11, ஞாயிறு

மனு நானே எழுதினேன். சாராயம் என்ற இடத்தில் பேனா நின்றது. எழுதினேன்.

யாரிடம் போவது. பெயர் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் படித்துப் பார்ப்பார்கள். பச்சையம்மாள் கைநாட்டு. அவளிடம் எதைச் சொல்லியும் விரலை வாங்கலாம். அந்த எண்ணத்தோடுதான் கூப்பிட்டேன். வந்தாள். மை தடவ விரலை நீட்டியே விட்டாள். எங்கே வைக்கணும்க்கா என்றாள், அவ்வளவுதான்.

என்னால் முடியவில்லை. இரு, படிக்கிறேன் என்று முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். சத்தமாக.

பச்சையம்மாள் நீட்டின விரலை மடக்கிக்கொண்டாள். பிறகு, "அம்மனுக்கு வச்சிருந்த மாலைக்கா அது."

தெரியும் என்றேன்.

"எம் புள்ளையும் ஜெயிலுக்குத்தான் போனான். அவனுக்கு இன்னா குடுத்தாங்க? சாராயம் தூக்கனவனுக்கு மட்டும் தொழில் கத்துக் குடுக்கறாங்களா?"

அவள் கேட்டது நியாயம்.

ஏழுமலை உள்ளேயிருந்து எழுந்து வந்து அவள் எதிரில் நின்றான். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். விரலை மையில் தோய்த்து, சொன்ன இடத்தில் அழுத்தினாள். மீதி மையை எங்கள் வாசக்காலில் தேய்த்துவிட்டுப் போனாள். நாற்காலியையும் தூக்கிக்கொண்டாள்.

புரட்டாசி 12, திங்கள்

வெயில். பஸ் ஓடுகிறது. ஏழுமலை மனுவோடு முதல் பஸ்ஸில் போனான்.

குழாயடியில் பேச்சு நின்றது. என் குடத்துக்கு முறை வந்தும் யாரும் குடத்தை நகர்த்தவில்லை. பச்சையம்மாள்தான் தன் குடத்தைக் காலால் தள்ளி இடம் விட்டாள். முகம் பார்க்கவில்லை.

வீடு கழுவினேன். வாசக்கால் மையை மட்டும் தேய்க்கவில்லை.

மூன்று மணி பஸ் வந்துவிட்டது. அதில் அவன் இல்லை. ஆபீசில் உட்கார வைத்திருக்கிறார்களோ, மலைப் பக்கம் போய்விட்டானோ.