சுத்தம்: நடுத்தரம்

மாசி 4, திங்கள்

காலையில் பனி. ஆஸ்பத்திரித் தராசுக்கு எண்ணெய் போட்டேன். புதன்கிழமை பூந்தமல்லியில் குழந்தைக் காட்சி, நல்ல வளர்த்தியான பிள்ளைக்குப் பரிசு. பரிசு கொடுக்கக் கலெக்டர் துரைசானி வருகிறாராம். தாளில் மூன்று கட்டம் போட்டேன்: ஊர், எடை, சுத்தம். சுத்தத்துக்கு நல்லது 3, நடுத்தரம் 2, மோசம் 1.

கம்பவுண்டர் ஊர்களுக்கும் எண் கொடுத்து, போன காட்சியின் தாளில் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டினார். வெள்ளானூர் 7, அதுதான் பெரிய எண். ஆக, வெள்ளானூர்ப் பிள்ளைகளுக்கே எல்லாப் பரிசும்! டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஊர் எண் வெறும் பெயராம். சுத்த எண் வரிசையாம். எது மேல் என்று சொல்லும், எவ்வளவு மேல் என்று சொல்லாது. எடையின் பவுண்டைத்தான் கூட்டலாம், கழிக்கலாம். அதனால் எடைக்கே பரிசு. எடை சமமானால் மட்டும் சுத்தம் பார்ப்பது.

பெயர்ப் பட்டியலில் வெள்ளானூர், ஆண், ஒரு வயது. தகப்பன் பெயரைப் படித்தேன். அவர்தான். பிள்ளையில்லை என்று என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு இன்னொருத்தியைக் கட்டியவர்.

மாசி 6, புதன்

கூட்டமான கூட்டம். அவர் கட்டிய இளையவள் பெயர் அலமேலு. இருபது வயது இருக்காது. என்னை யாரென்று தெரியாமல் பிள்ளையைக் கையில் கொடுத்தாள். அவர் நெற்றி. அவர் காது. மறைப்பானேன், பொறாமைதான். மூத்தாள், இளையாள் என்று வரிசை வைத்தார்களே, மூத்தாளை எவ்வளவு கீழே தள்ளினார்கள் என்று யார் அளந்தார்கள்?

21 பவுண்டு. அதுவரை அதுதான் அதிகம். எப்படியும் ஜெயிக்கப் போகிறவன், குடியா முழுகிவிடும் என்று சுத்தத்தில் 3-க்குப் பதில் 2 போட்டேன். அற்ப சந்தோஷம்.

கடைசியாக வந்த பாய் வீட்டுப் பெண் குழந்தையும் 21. சுத்தம் 3. வெள்ளிக் கிண்ணம் அதற்குப் போயிற்று.

மாசி 7, வியாழன்

தலைவலி. லீவு கேட்க நினைத்தேன். அதற்குள் அலமேலு பிள்ளையோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். கண் வீங்கியிருந்தது.

"இன்னா தப்பு பண்ணேன், சொல்லிக் குடு, அக்கா. புள்ளயக் கய்வத் தெரியாதவளுன்னு ஊட்ல மாமியா ஏசுது. மூத்தவள அனுப்சா மாரி என்னியும் அனுப்சிட்டு, புள்ளய வச்சிக்குவாங்களாம்."

வெந்நீர் போட்டேன். கழுத்து மடிப்பு, காதின் பின்புறம், விரலிடுக்கு. எங்கும் அழுக்கில்லை. இருந்தும் தேய்த்தேன்.

"நானும் இப்டித்தானேக்கா பண்றேன்?"

இன்னும் கொஞ்சம் தேய்க்கணும் என்றேன்.