சுஆதின் முப்பத்துநான்கு, என் பத்தொன்பது

ஷுப்ரா, கெய்ரோ
ஷஅபான் மாதம், பிறை பதினெட்டு

என் கண்ணான மகன் தாமிருக்கு, அம்மா சொல்ல உன் தங்கை மய்யாதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் காவலில் இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், மிலான் குளிரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் என் மனம் அடங்கும். வாரம் மூன்று முறை போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பொய் வந்துவிடுகிறது மகனே, அதனால்தான். மய்யாதா பேனாவை எடுக்கும் முன்பே, "உண்மையச் சொல்றதா இருந்தா எழுதறேன், இல்லன்னா வேற ஆளப் பாருங்கம்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஆகவே முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்துநான்கு கிலோ குறையவில்லை. பத்தொன்பதுதான் குறைந்திருக்கிறேன். முப்பத்துநான்கு என்பது இரண்டாம் மாடி சுஆதின் கணக்கு. அவளுக்கும் எனக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வாரத்தில்தான் எடை குறைய வயிற்றைச் சுருக்கி ஆபரேஷன் செய்தார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை நீ கேட்கும்போதும் அவளுடைய எண்ணை எடுத்து என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

அந்த எண்ணை நம்பித்தான் நீ ஸகாஸீக் ஊரில் பெண் வீட்டாரிடம் பேசி, நோன்புப் பெருநாள் கழித்து இரண்டாவது வெள்ளி, அவர்கள் வீட்டில் பாத்திஹா ஓதி நிச்சயம் செய்வது என்று நாள் குறித்திருக்கிறாய். மாப்பிள்ளையின் தாய் வந்து வாய் திறந்து கேட்காமல் எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? ஆனால் ஐந்து மாடி இறங்கி வாசலில் காருக்குள் ஏற என்னால் இன்று முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஐந்து மாதமாகத் தெருவில் கால் வைக்காமல் பெரும்பாலும் இந்த இரண்டு அறைக்குள்தான் கிடக்கிறேன். எதிர் மாடியில் எத்தனை புறாக்கூண்டு, காலையில் வெயில் எந்த ஓட்டில் முதலில் விழும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ரொட்டிக்காரன் குரல் கேட்டால் கயிற்றில் கட்டிய கூடையை ஜன்னல் வழியாக இறக்குகிறேன், ரொட்டி ஏறி வருகிறது. கூடை ஒரு நாளைக்கு நான்கு தடவை தெருவைப் பார்த்துவிட்டு வருகிறது, நான் பார்ப்பதில்லை.

எடை ஏன் குறையவில்லை என்பதையும் ஒளிக்கப் போவதில்லை. நோயாளியைப் பார்க்க வெறும் கையோடு யார் வருவார்கள்? முதல் மாதம் மாம்பழச்சாறு டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில் செங்கல் போல அடுக்கியிருந்தன. வயிற்றை வெட்டியவளுக்கு ரத்தம் ஊற வேண்டும், கரும்புச்சாறுதான் மருந்து என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள், எனக்கும் அது இனித்தது. மெத்வல்லி கடையிலிருந்து தினம் மாலை அஸர் தொழுகை நேரத்தில் இரண்டு பை கரும்புச்சாறு கூடையில் ஏறும். தட்டில் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது, சாறோ தடையில்லாமல் இறங்கியது. குடிப்பது சாப்பாடாகுமா என்றுதான் நினைத்தேன். மய்யாதா ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு புத்தகத்தை மூன்று தரம் படித்து, பக்கத்தில் கோடு போட்டு, என் முன்னால் வந்து நின்றாள். "அம்மா, சோத்த வெட்டிட்டு சக்கரையக் குடிச்சிட்டிருக்கீங்க" என்றாள். வாயை மூடு, பெரிய டாக்டர் வந்துட்டா என்று திட்டினேன். மறுநாள் அவள் கூடைக் கயிற்றை அவிழ்த்துப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். (கயிறு கனமாக இருந்தது அண்ணா, கணக்கு நோட்டை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. - மய்யாதா)

அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான்காம் மாடியில் கயிறு கடன் கேட்கலாம் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதினெட்டுப் படி இறங்கிவிட்டேன். அந்த வீட்டில் ஆள் இல்லை. ஏற முடியவில்லை, இறங்க முடியவில்லை, முழங்கால் இரண்டும் நெருப்பாக எரிந்தன. இரண்டு மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்தவள் என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை, "அம்மா, தானா இறங்கிட்டீங்க!" என்று கை தட்டினாள். அன்றிலிருந்து சாறு இல்லை. பயறும் முட்டையும் தயிரும் முதலில், மற்றது பிறகு. ஐந்து வாரத்தில் ஐந்து கிலோ இறங்கியது. அதற்குப் பிறகு இரண்டு வாரமாக எடை மெஷினின் முள் செத்துக் கிடக்கிறது. டாக்டரிடம் போனில் அழுதேன். அவர், "ஹாஜியாம்மா, உங்க உடம்புக்கு உங்க நடை, பக்கத்து வீட்டம்மாவுக்கு அவங்க நடை. நடுவுல கொஞ்ச நாள் நிக்கும், அப்புறம் தானா இறங்கும். தினம் மூணு தடவ ஏறி நின்னா மெஷினுக்குத்தான் நோவு வரும்" என்றார். இப்போது வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஏறி நிற்கிறேன்.

தினமும் படி இறங்குகிறேன். மூன்றாம் மாடி வரை வந்துவிட்டேன். மய்யாதா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவாள், நான் பின்னால். கீழே இருந்து சுஆத் எட்டிப் பார்த்து, "தாமிர் அம்மா, இந்த வேகத்துல போனா மகன் கல்யாணத்துக்கு இல்ல, பேரன் கல்யாணத்துக்குத்தான் வந்து சேருவ. கூடையில வச்சு இறக்கிடவா?" என்று கேட்கிறாள். கயிறு தாங்காதுடி, உன்னை வேணும்னா இப்போ காத்தே தூக்கிட்டுப் போகும் என்று நானும் விட்டேன். சிரித்தோம். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறங்க முடியவில்லை என்றால் தெருப் பையன்கள் நான்கு பேரை வைத்து நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று போன வாரம் சொன்னாயே, அது மட்டும் வேண்டாம் தாமிர். ஆபரேஷன் முடிந்து வந்த அன்று அப்படித்தான் ஏற்றினார்கள். மூன்றாம் மாடியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிய பையன், "ஹாஜியாம்மா, நல்லவேள வயித்த வெட்டின பிறகு கூப்பிட்டீங்க" என்றான், எல்லா வாசலிலும் சிரிப்பு. நானும் சிரித்தேன், முக்காட்டுக்குள் அழுதேன். என் மருமகள் வீட்டு வாசலுக்கு நான் சாமான் மாதிரிப் போய் இறங்க மாட்டேன். நிச்சயத்துக்குக் குறித்த நாளை ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு மாற்று. பெண்ணின் தாயிடம் காய்ச்சல் என்று சொல்லாதே, உள்ளதைச் சொல். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்றால் நீ மட்டும் போய் ஓதிக்கொள், இங்கிருந்தே ஆமீன் சொல்கிறேன், மனதில் குறை வைக்க மாட்டேன்.

வேலைக்குப் போகும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள், நின்றுகொண்டு சாப்பிடாதே. இனி போனில் எத்தனை கிலோ என்று கேட்காதே, எத்தனையாவது மாடி என்று கேள். அல்லாஹ் உன் வழியை விசாலமாக்குவானாக, உன் கைப்பட்ட இடமெல்லாம் பரக்கத் ஆகட்டும். சுஆதின் தம்பி வியாழக்கிழமை மிலானுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுக்க வேண்டும். மய்யாதா கூடையில் இறக்கிவிடுகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். சுஆத் வீடு இரண்டாம் மாடி, நான் இதுவரை மூன்றுக்குக் கீழே போனதில்லை. நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். இதை நீ படித்துக்கொண்டிருந்தால், இரண்டாம் மாடி வரைக்கும் நான் இறங்கிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

உனக்காகத் துஆச் செய்தபடியே இருக்கும்
உன் அம்மா,
இன்ஸாஃப்