நாற்பதாவது நிமிடத்தில் ஹெலிகொப்டர்

என் ஆசை அண்ணா,

புதுக்குடியிருப்பில் பிள்ளைகள் படிக்கிற ரியூசன் கொட்டிலில் நம் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஒரேயடியாக நின்றுபோகவில்லை. நீங்கள் கண்ணை மூடி நாலு மாதத்துக்குப் பிறகு, போன கிழமை நானே ஒரு படம் போட்டேன். போட்டுக் கெடுத்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊர்ச்சனமும் வாசிக்கட்டும்.

ஈரான் படமோ, கொரியத் தொடரோ, எதுவானாலும் நீங்கள் முதலில் தனியே பார்த்துவிடுவீர்கள். தொடங்க முன்னர் எழும்பி நின்று, இத்தனையாவது நிமிடத்தில் வெடிச்சத்தம் வரும், ஏலாதவர்கள் வெளியே போய்த் தேத்தண்ணி குடியுங்கள் என்பீர்கள். வாசிக்கக் கொடுக்கிற ரஷ்ய நாவலில்கூட பதுங்குகுழி வருகிற பக்கத்தில் பென்சில் கோடு இருக்கும். எனக்கு அது வீண் வேலையாகத்தான் தெரிந்தது.

நான் போட்டது ஏதோ ஒரு மலைநாட்டில் தேன் எடுக்கிற குடும்பத்தின் கதை. தேன் கதையில் என்ன வந்துவிடப்போகிறது என்று பாராமலே போட்டுவிட்டேன், மடைச்சி. நாற்பதாவது நிமிடத்தில், வெள்ளத்தில் அகப்பட்டவர்களைத் தூக்க ஹெலிகொப்டர் வந்தது. சண்டைக்காலத்தில் எங்கள் தலைக்குமேல் கேட்ட அதே சத்தம், திரையில் அது தெரிய முன்னமே வந்துவிட்டது. அரைவாசிச் சனம் இருந்த வாங்குகளுக்குக் கீழே. நிற்பாட்ட வேண்டிய நானும் கீழேதான் கிடந்தேன், அண்ணா. கடைசியில் யாரோ வயரைப் பிடுங்கினார்கள்.

சாப்பாட்டுக்கடை பரமேஸ் அக்கா சீலையில் புழுதியைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தா. ஏசப்போகிறா என்று நினைத்தேன்.

"படம் கூடாதெண்டு இல்லைப் பிள்ளை. முதலே சொல்லியிருந்தா பக்கத்தில இருக்கிற ஆளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பாத்திருப்பன். வாற ஞாயிறும் போடுங்கோ. ஆனா நீங்கள் பாத்துப்போட்டுப் போடுங்கோ."

அந்தப் பார்க்கிறதுதான் எனக்குப் பயம். மூன்று நாளாக லப்டொப்பைத் திறக்கிறேன், மூடுகிறேன். நேற்று மத்தியானம் அடுத்த படத்தில் பதினைந்து நிமிடம் பார்த்தேன். வானத்தைக் காட்டினதும் நிறுத்திவிட்டேன். நான் பார்க்காவிட்டால் கொட்டிலைப் பூட்ட வேண்டியதுதான்.

இன்று காலை அலுமாரிக்குள், நீங்கள் படங்களைப் பற்றிக் குறித்துவைத்த கொப்பி அகப்பட்டது. ஒரு படத்தின் பெயருக்கு நேரே, "பதினேழாவது நிமிடம் விமானம். மூன்று தரம் எழும்பி ஓடினேன். நாலாம் தரம் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எங்களுக்கு நீங்கள் முதலே சொன்னீர்கள். உங்களுக்கு யார் சொன்னது, அண்ணா?

இன்றைக்குப் பின்னேரம் அந்த அடுத்த படத்தை இருந்து பார்க்கப்போகிறேன். எழும்பி ஓடுவேன், அது நிச்சயம். ஓடினாலும் திரும்பி வந்து கடைசிவரை பார்ப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கட பயந்தாங்கொள்ளித் தங்கச்சி,
மலர்