பேச்சியம்மாளுக்கு நான்கு மதிப்பெண்

ஆவணி 12, வியாழன்

பக்தி மூளையில் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சியில் எனக்குப் படிவம் நிரப்புகிற வேலை. இன்று வந்தவர் விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி பேச்சியம்மாள் அக்கா.

கோயிலுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை போவீர்கள் என்று கேட்டேன்.

"வருசத்துக்கு ஒருக்கா, பங்குனி உத்திரத்துக்கு எங்க குலசாமி சாஸ்தாவப் பாக்கப் போவோம்."

கடவுளிடம் பேசுவீர்களா என்றேன். சிரித்துவிட்டார். "அவருகிட்ட என்னத்தப் பேச? எங்க வீட்டுல நடக்கது பூரா அவருக்குத் தெரியும்லா."

'இல்லை' என்ற கட்டத்தில் குறித்தேன். கூட்டிப் பார்த்தால் நாற்பதுக்கு நான்கு. பக்தி இல்லாதவர்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டார்.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாது என்றதும் கையில் கட்டியிருந்த தாயத்தை அவிழ்த்தார். மகன் படுத்த படுக்கையானபோது கட்டியதாம். "தம்பி, கீழ வச்சிராதிய. நான் வார வரைக்கும் கையிலயே வச்சிருங்க."

உள்ளே ஸ்கேன் ஓடும்போது பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். "அதுக்குப் படிவத்துல கட்டம் கிடையாதுல்லா. விடும் வே," என்றார். விட்டுவிட்டேன்.

மாதிரிக்காக அந்தப் படிவத்தை முதலில் நிரப்பியவன் நான்தான். பஸ் ஏறப் போகிற வழியில் கோயில். தினமும் நுழைந்து திருநீறு பூசிக்கொண்டுதான் போகிறேன். எனக்கு நாற்பதுக்கு முப்பத்தெட்டு.

அரை மணி நேரம் தாயத்தைப் பொத்திப் பிடித்திருந்தேன். நினைவு தப்பிப்போன அப்பாவுக்கு ஒரு நாளாவது என்னை அடையாளம் தெரியட்டும் என்று கேட்க நினைத்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அக்கா வெளியே வந்து கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.