அறுகு முடியட்டும்

நவம்பர் 23, ஞாயிறு

மழை விட்டதும் குளத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். நான் நட்ட கொடியில் பாதியை அறுகம்புல் பிடித்துவிட்டது.

குளம் என்று நான் மட்டுந்தான் சொல்வது. கொக்குவிலில் எங்கள் வளவின் மூலையில் நான் ஆசைப்பட்டுக் கட்டுவித்த சீமெந்துத் தொட்டி அது. ஒரு அல்லி, கொஞ்சம் குப்பி மீன். அப்பா தொட்டி என்றே சொல்வார். சுற்றிவர நிலத்தை மூடிப் படரட்டும் என்று நட்ட கொடிக்குக் கச்சான் இலை, கச்சான் பூ; பார்த்தால் நிலக்கடலையேதான். ஆனால் கச்சான் காய்க்காது, அழகுக்கு மட்டும். இதை இந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு மரியநாயகி அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எப்ப பிள்ளை கிண்டப் போறாய்? எனக்கும் ஒரு சுண்டு தா" என்றார்.

நவம்பர் 26

கீர்த்திகன் கேட்டுவிட்டான். கொக்குவில் ஸ்ரேசனில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது.

கொடிகாமத்தில் வங்கி வேலை. சில வருஷமாக என்னோடு புத்தகம் மாற்றுகிறவன். வாங்கியதைத் திருப்பித் தருகிற ஒரே மனிதன். பொங்கலுக்குப் பிறகு மன்னாருக்கு மாற்றமாம். "கலியாணம் கட்டுவமோ எண்டுதான் கேக்கிறன். போறதுக்கு முன்னம் சொல்லும். ஓம் எண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி."

நான் என்ன சொன்னேன்? எத்தனை நாவல்களில் எத்தனை பெண்கள் இந்த இடத்தில் எவ்வளவு அழகாகப் பேசியிருக்கிறார்கள்! எல்லாவற்றையும் வாசித்தவள் சொன்னது:

"குளத்தடியிலை புல்லு நிறைய வந்திட்டுது. அது முடியட்டும், சொல்லுறன்."

அவன் சிரிக்கவில்லை. "எவ்வளவு புல்லு?" என்று கேட்டான்.

நவம்பர் 30

முழங்காலில் இருந்து பிடுங்கினேன். அறுகுக்குக் கணுவுக்குக் கணு வேர். கொடிக்கு மேலால் போய், கீழால் நுழைந்து, திரும்ப மேலே வருகிறது. இழுத்தால் கொடி அறுந்து கையோடு வருகிறது. அறுகு அங்கேயே நிற்கிறது.

டிசம்பர் 14

பிடுங்கிய புல்லை மதிலோரம் எறிந்திருந்தேன். மழைக்கு அது வேர்விட்டுப் பச்சையாக நிற்கிறது. ஆக, நான் புல் பிடுங்கவில்லை. நட்டிருக்கிறேன்.

டிசம்பர் 21

கீர்த்திகனிடமிருந்து குறுஞ்செய்தி: "புல்லு எப்படி?"

"வளருது."

"நல்லது."

இதில் என்ன நல்லது? கோபமா, பகிடியா? ஒன்றும் விளங்கவில்லை.

எனக்கு அவனைப் பிடிக்கும். உது பிரச்சினையே இல்லை. பிறகென்ன பிரச்சினை? – ஞாயிறு பின்னேரம் ஒருத்தரும் என்னோடை கதைக்காமல் இருக்கிற அந்த நேரம். அதை ஆரிட்டைக் குடுக்கிறது? கலியாணம் கட்டினால், என்ன யோசிக்கிறீர், என்ன யோசிக்கிறீர் எண்டு கேப்பினமே. ஒண்டும் யோசிக்கேல்லை எண்டால் நம்பவும் மாட்டினம்.

இதை அவனிடம் சொல்லலாம். புல்லைப் பற்றிச் சொல்வது சுகம்.

ஜனவரி 4

திருவெம்பாவை நேற்றோடு முடிந்தது. என் புல்தான் முடியவில்லை. அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தார். "உது புல்லுப் பிடுங்கிறதோ, பேன் பாக்கிறதோ?"

போன கிழமை ஒரு மூலையை முற்றாகத் துப்புரவாக்கியிருந்தேன். இன்று அதில் ஒரு அறுகு முளைத்திருந்தது. கண்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 13

படிப்பித்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தால் குளத்தடி வெறும் மண்.

பொங்கலுக்கு அப்பா உழவாரம் எடுத்து முற்றத்துப் புல்லைச் செருக்குவது ஒவ்வொரு வருஷமும் நடப்பது. பொங்குகிற முற்றத்தில் ஒரு புல்லும் நிற்கக்கூடாது. இம்முறை முற்றத்தோடு நிற்காமல் குளத்தடிக்கும் போயிருக்கிறார். அறுகும் இல்லை, கொடியும் இல்லை. மண்ணில் உழவாரம் இழுத்த வரிதான் இருக்கிறது.

"நீ படுற பாட்டைப் பாக்கேலாமல் கிடந்தது பிள்ளை. உழவாரத்துக்கு உது ஒரு வேலையே? இப்ப வடிவாயிருக்கோ?" முகம் முழுக்க வியர்வையும் பெருமையும்.

"ஓம் அப்பா. நல்ல வடிவு."

அறைக்குள் போய் அழலாம் என்று பார்த்தேன். அழுகை வரவில்லை. என் கொடி போய்விட்டதே என்றுதான் முதலில் நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது: ஐயோ, புல் முடிந்துவிட்டது.

ஜனவரி 15, பொங்கல்

விடிய அம்மா சாணியில் பிள்ளையார் பிடித்துவிட்டுக் கூப்பிட்டார். "பிள்ளையாருக்குக் குத்த ஒரு அறுகு கொண்டோடி வா பிள்ளை."

அறுகு!

வளவு முழுக்கத் தேடினேன். மதிலோரத்தில் நானே நட்டுவைத்ததையும் அப்பா விடவில்லை. "முந்தநாள் வரைக்கும் கிடந்ததே" என்று அவர் உழவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் பானை ஏறிவிட்டது. நான் பொங்கல் சேலையோடு முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். மரியநாயகி அன்ரி மதிலுக்கு மேலால், "என்ன பிள்ளை, கச்சான் ஒண்டும் விழேல்லையோ?"

குளத்தின் கட்டுக்கும் கல்லுக்கும் நடுவில், உழவாரம் நுழையாத இடத்தில், ஒன்று இருந்தது. தனியாக இல்லை. ஒரு துண்டுக் கொடியோடு பின்னிக்கொண்டு. இழுக்காமல் ஒவ்வொரு கணுவாகக் கழற்றினேன். கொடி அறவில்லை. இத்தனை நாளில் முதல் தடவை.

பால் பொங்கிய பிறகு கீர்த்திகனுக்கு அழைத்தேன். "புல்லு முடிஞ்சுது."

"அப்ப?"

"ஓம்" என்றேன். அந்த நேரம் பார்த்து ரயில் போனது. திரும்ப, உரத்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மரியநாயகி அன்ரிக்கும் கேட்டிருக்கும்.

ஜனவரி 18

வீட்டில் சொன்னேன். அம்மா சாதகக் குறிப்புக் கேட்டார். அப்பா, "புத்தகம் திருப்பித் தாற பெடியனோ?" என்று மட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

குளத்தடி மறுபடி பச்சை. முதலில் வந்தது அறுகு. கொடி பிந்தித்தான் வந்தது.

கீர்த்திகன் மன்னாரிலிருந்து வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டுக் காற்சட்டையை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்து புல் பிடுங்கினான். வெயில் சாயும்வரை இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. என்ன யோசிக்கிறீர் என்று அவன் கேட்கவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"ஒண்டுமில்லை" என்றான். நம்பினேன்.

அவன் பிடுங்கியதில் முக்கால்வாசி என் கொடி. அவன் பஸ்ஸுக்குப் போன பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப ஊன்றிவிட்டேன்.